அமெரிக்க கவுண்டி ஒன்றின் பண்ணைகளுக்குப் போன கொரோனா நிவாரணம்: தேடி எடுத்துக் கணக்குப் பார்க்க முழுமையான வழிகாட்டி

2020-இல் அமெரிக்கப் பண்ணைகளுக்கு மத்திய அரசிடமிருந்து நேரடியாகப் போன பணம் 4,500 கோடி டாலரைத் தாண்டியது. அதற்கு முன் எந்த ஆண்டிலும் இவ்வளவு போனதில்லை. இதில் ஒரு குறிப்பிட்ட கவுண்டிக்கு (நம்மூர் மாவட்டம் போன்ற நிர்வாகப் பகுதி) எவ்வளவு வந்தது, யாருக்கு, எந்தக் கணக்கில் என்று கேட்டால், பதில் பொதுவெளியிலேயே கிடக்கிறது. ஆனால் ஒரே இடத்தில் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், விதியைத் தெரிந்துகொள்ளாமல் தொகையை மட்டும் பார்த்தால் தப்பான கதைதான் கையில் கிடைக்கும். ஒரு பண்ணையின் பெயருக்கு எதிரே 2,50,000 டாலர் என்று இருந்தால் ஒருவர் "கொள்ளை" என்பார், இன்னொருவர் "எவ்வளவு நஷ்டமோ, பாவம்" என்பார். அந்த எண் இரண்டையுமே சொல்லவில்லை.

அமெரிக்காவில் உள்ளூர்ச் செய்தி எழுதுபவர்கள், பொதுக்கொள்கை படிக்கும் மாணவர்கள், அரசு டேட்டாவை நோண்டிப் பார்க்கும் ஆர்வம் உள்ளவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதுகிறேன். எடுத்துக்காட்டுக்கு அயோவா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் இருக்கும் சூ கவுண்டியை எடுத்துக்கொள்வோம். தலைநகர் ஆரஞ்ச் சிட்டி, பெரிய ஊர் சூ சென்டர். டச்சு வம்சாவளியினர் நிறைந்த பகுதி. மக்கள்தொகை சுமார் 36 ஆயிரம். பன்றிகள் அதைப்போலப் பல மடங்கு. மக்காச்சோளம், சோயா, பன்றி, மாடு, பால், முட்டை எல்லாமே பெரிய அளவில் நடக்கும் இடம் என்பதால், நிவாரண விதிகள் ஏறக்குறைய எல்லாவற்றையும் இந்த ஒரு கவுண்டியிலேயே பார்த்துவிடலாம்.

படி 1: எது கொரோனா பணம், எது இல்லை என்று முதலில் பிரியுங்கள்

2020-இல் பண்ணைக்கு வந்த எல்லாமே கொரோனா நிவாரணம் அல்ல. சீனாவோடு நடந்த வர்த்தகச் சண்டைக்கு ஈடாகக் கொடுத்த 'மார்க்கெட் ஃபெசிலிட்டேஷன்' திட்டத்தின் மூன்றாவது தவணை 2020 தொடக்கத்தில்தான் கைக்கு வந்தது. நிலத்தைச் சாகுபடி செய்யாமல் புல்வெளியாக விட்டுவைப்பதற்கான வாடகை ஒவ்வோர் அக்டோபரிலும் வரும். விலை வீழ்ச்சிக்கான வழக்கமான மானியமும் அதே மாதத்தில்தான். "எங்கள் கவுண்டிக்கு 2020-இல் இத்தனை கோடி" என்று மொத்தத் தொகையைத் தூக்கிப் போட்டால், பாதி வேறு கணக்காக இருக்க வாய்ப்புண்டு.

கொரோனா கணக்கில் வருபவை முக்கியமாக மூன்று. முதலாவது, வேளாண் துறை கொடுத்த கொரோனா வைரஸ் உணவு உதவித் திட்டம். இதைச் சுருக்கமாக சிஎஃப்ஏபி என்பார்கள், அது 1, 2 என்று இரண்டு சுற்று. இரண்டாவது, சிறுதொழில் நிர்வாகம் வங்கிகள் வழியாகக் கொடுத்த சம்பளப் பாதுகாப்புக் கடன், அதாவது பிபிபி. பெயர்தான் கடன், விதிப்படி செலவழித்தால் தள்ளுபடி. மூன்றாவது, அதே நிர்வாகம் நேரடியாகக் கொடுத்த பேரிடர்க் கடன். இதற்கு 3.75 சதவீத வட்டி, 30 ஆண்டு தவணை; இதைத் திருப்பிக் கட்டியாக வேண்டும். பண்ணைகள் இந்த மூன்றாவதற்குத் தகுதி பெற்றதே 2020 ஏப்ரல் கடைசியில் வந்த சட்டத்துக்குப் பிறகுதான்.

பணத்தின் பெரும்பகுதி சிஎஃப்ஏபி வழியாகப் போனது. இரண்டு சுற்றிலும் சேர்த்து 3,000 கோடி டாலருக்கு மேல். ஆகவே நேரத்தையும் அதிலேயே செலவழியுங்கள்.

உணவுப் பெட்டித் திட்டம் என்று 300 கோடி டாலரில் இன்னொன்றும் அப்போது தொடங்கியது. அது விநியோக நிறுவனங்களிடம் பாலும் காய்கறியும் இறைச்சியும் வாங்கி உணவு வங்கிகளுக்குக் கொடுத்த திட்டம். பண்ணைக்கு நேராகப் போகவில்லை, உங்கள் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 2: முதல் சுற்றின் விதியைக் கையால் போட்டுப் பாருங்கள்

இந்தப் படியைத் தாண்டிவிட்டு நேராக எக்செல் கோப்புக்குப் போகிறவர்கள்தான் அதிகம். தயவுசெய்து போகாதீர்கள்.

2020 மார்ச் 27-இல் கொரோனா நிவாரணத்துக்கான கேர்ஸ் சட்டம் கையெழுத்தானது. ஏப்ரல் 17-இல் அன்றைய வேளாண் அமைச்சர் சானி பெர்டியூ திட்டத்தை அறிவித்தார்: விவசாயிகளுக்கு நேரடியாக 1,600 கோடி டாலர். இதில் 950 கோடி கேர்ஸ் சட்டத்திலிருந்து, 650 கோடி வேளாண் துறையின் கமாடிட்டி கிரெடிட் கார்ப்பரேஷன் என்ற பழைய நிதி அமைப்பிலிருந்து. விண்ணப்பம் மே 26-இல் தொடங்கி செப்டம்பர் 11 வரை வாங்கப்பட்டது.

பணம் இரண்டு பைகளிலிருந்து வந்ததால், ஒவ்வொரு பொருளுக்கும் இரண்டு விகிதம். கேர்ஸ் விகிதம், 2020 ஜனவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவுக்குள் ஏற்பட்டுவிட்ட விலைச் சரிவுக்கு. கார்ப்பரேஷன் விகிதம், அதற்குப் பிறகும் தொடர்ந்த சந்தைச் சிக்கலுக்கு. ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் இடையில் விலை 5 சதவீதமாவது விழுந்திருந்தால்தான் ஒரு பொருள் பட்டியலில் ஏறும்.

மக்காச்சோளத்தைப் பாருங்கள். புஷலுக்கு (சுமார் 25.4 கிலோ) கேர்ஸ் விகிதம் 32 சென்ட், மற்றது 35 சென்ட். எத்தனை புஷலுக்கு? 2019 விளைச்சலில் பாதி, அல்லது 2020 ஜனவரி 15 அன்று விலை பேசாமல் கையிருப்பில் இருந்தது, இரண்டில் எது குறைவோ அது. அதிலும் பாதியை ஒரு விகிதத்தாலும் மீதிப் பாதியை இன்னொரு விகிதத்தாலும் பெருக்க வேண்டும். 60,000 புஷல் அறுத்து, ஜனவரியில் 20,000 புஷல் குதிரில் வைத்திருந்த ஒருவருக்கு: 10,000 × 0.32 = 3,200. 10,000 × 0.35 = 3,500. மொத்தம் 6,700 டாலர்.

அறுவடை முடிந்த கையோடு நவம்பரிலேயே அத்தனையும் விற்றுவிட்ட பக்கத்துப் பண்ணைக்காரருக்கு? பூஜ்யம். அவர் நல்ல விலைக்கு விற்றாரா, கடன் நெருக்கியதால் விற்றாரா என்பதை விதி கேட்கவில்லை. ஏப்ரலில் மக்கள் காரை எடுக்காமல் வீட்டிலேயே இருந்ததால் பெட்ரோல் தேவை சரிந்தது, அதோடு எத்தனால் ஆலைகளும் படுத்தன, மக்காச்சோள விலையும் விழுந்தது. அந்த அடி விழும்போது தானியம் கையில் இருந்தவருக்குத்தான் ஈடு. இந்தத் தர்க்கத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது.

பால் பண்ணைக்கு 2020-இன் முதல் மூன்று மாத உற்பத்தி கணக்கு. நூறு பவுண்டு பாலுக்கு 4.71 டாலர், அப்புறம் அதே உற்பத்தியை 1.014-ஆல் பெருக்கி நூறு பவுண்டுக்கு 1.47 டாலர். 200 மாடு வைத்திருப்பவர் மூன்று மாதத்தில் ஏறத்தாழ 12,000 நூறு-பவுண்டு பால் கறப்பார். 56,520 + 17,887 = 74,407 டாலர். பள்ளிக்கூடமும் உணவகமும் மூடி, பாலைச் சாக்கடையில் ஊற்றிய வாரங்கள் அவை. ஆனால் ஊற்றியவருக்கும் ஊற்றாமல் விற்றவருக்கும் ஒரே விகிதம்தான்.

பன்றிதான் சூ கவுண்டியின் உயிர்நாடி. அருகே, தெற்கு டக்கோட்டாவின் சூ ஃபால்ஸ் நகரில் 3,700 பேர் வேலை செய்த ஸ்மித்ஃபீல்டு இறைச்சி ஆலை, தொழிலாளர்களிடையே தொற்று பரவியதால் ஏப்ரல் 12-இல் மூடுவதாக அறிவித்தது. நாட்டின் பன்றி இறைச்சியில் 4-5 சதவீதம் அந்த ஒரே ஆலையில். பன்றி என்பது குதிரில் போட்டு வைக்கிற சரக்கல்ல. 280 பவுண்டு வந்ததும் லாரி ஏற வேண்டும். பின்னாலேயே அடுத்த குட்டிகள் கொட்டகைக்குக் காத்திருக்கும். எடை கூடாமல் இருக்கத் தீவனத்தை மாற்றிப் போட்டார்கள், முடியாதவர்கள் கொன்று புதைத்தார்கள். விதி என்ன கொடுத்தது? ஜனவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை விற்ற, 120 பவுண்டுக்கு மேற்பட்ட பன்றிக்குத் தலைக்கு 18 டாலர், அதற்குக் குறைந்த எடைக்கு 28 டாலர். ஏப்ரல் 16 முதல் மே 14 வரை கொட்டகையில் இருந்த அதிகபட்ச எண்ணிக்கைக்குத் தலைக்கு 17 டாலர். 3,000 பெரிய பன்றி விற்று, 4,000 பன்றி இருப்பு வைத்திருந்தால்: 54,000 + 68,000 = 1,22,000 டாலர்.

கொன்று புதைத்த பன்றிகளுக்குத் தனித் திட்டம் வந்தது 2021 ஜூலையில்தான். சந்தை மதிப்பில் 80 சதவீதம்.

இன்னொன்று. முதல் சுற்றில் பணம் போதாமல் போய்விடுமோ என்று 80 சதவீதத்தை மட்டும் முதலில் கொடுத்தார்கள், மீதி 20 சதவீதம் ஆகஸ்டிலிருந்து. மேலே சொன்ன பால் பண்ணைக்கு 59,526 ஒரு முறை, 14,881 இன்னொரு முறை வந்திருக்கும். கோப்பில் ஒரே பெயர் பல வரிகளில் வருவதைப் பார்த்து இரட்டைப் பட்டுவாடா என்று கிளம்பிவிடாதீர்கள்.

படி 3: இரண்டாம் சுற்று

2020 செப்டம்பர் 21 முதல் டிசம்பர் 11 வரை விண்ணப்பம். அறிவித்த தொகை 1,400 கோடி டாலர். தேர்தலுக்கு ஏறக்குறைய ஏழு வாரம் முன்பு, விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு பிரசாரக் கூட்டத்தில் அதிபர் டிரம்ப் இதை அறிவித்தார் என்பதையும் குறித்துக்கொள்ளலாம்.

இம்முறை கணக்கு எளிமை. கறிமாட்டுக்குத் தலைக்கு 55 டாலர், பன்றிக்கு 23, செம்மறியாட்டுக்கு 27. பாலுக்கு நூறு பவுண்டுக்கு 1.20 டாலர். முட்டைக்கு டஜனுக்கு 5 சென்ட். மக்காச்சோளத்துக்குக் கையிருப்புக் கணக்கு போய் ஏக்கர் கணக்கு வந்தது: ஏக்கர் × விளைச்சல் × 40 சதவீதம் × 58 சென்ட், ஆனால் எப்படியும் ஏக்கருக்கு 15 டாலருக்குக் குறையாது. ஏக்கருக்கு 180 புஷல் என்றால் 41.76 டாலர், 500 ஏக்கருக்கு 20,880. முதல் சுற்றில் பூஜ்யம் வாங்கிய அந்த நவம்பர் வியாபாரிக்கு இந்தச் சுற்றில் கை நிறையக் கிடைத்திருக்கும். காய்கறி, பழம் போன்றவற்றுக்கு 2019 விற்பனைத் தொகையில் ஒரு பங்கு. 50,000 டாலருக்குக் கீழ் 10.6 சதவீதத்தில் தொடங்கி, 10 லட்சத்துக்கு மேல் 8.8 சதவீதம் வரை இறங்கும்.

2020 டிசம்பர் 27-இல் வந்த சட்டம் ஏக்கருக்கு இன்னும் 20 டாலர் சேர்த்தது, மாடுகளுக்கும் கொஞ்சம் கூட்டியது. ஆட்சி மாறியதும் ஜனவரியில் நிறுத்தி வைத்துவிட்டு, டாம் வில்சாக் வேளாண் அமைச்சராக வந்தபின் 2021 ஏப்ரல் 5-இல் மீண்டும் திறந்து அக்டோபர் 12-இல் மூடினார்கள். எனவே 2020 கோப்பை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான். 2021 கோப்பும் கட்டாயம் வேண்டும்.

படி 4: பணம் யார் பெயரில் போகும்?

முதல் கேள்வி: பன்றி யாருடையது? வடமேற்கு அயோவாவில் கொட்டகை ஒருவருடையதாகவும் பன்றியும் தீவனமும் வேறொரு நிறுவனத்துடையதாகவும் இருப்பது சர்வசாதாரணம். கொட்டகைக்காரர் இடத்துக்கும் உழைப்புக்கும் கூலி வாங்குகிறார். விலை விழுந்தால் அடி பன்றியின் சொந்தக்காரருக்கு. ஆகவே முதல் சுற்றுப் பணம் சொந்தக்காரருக்குத்தான், கொட்டகைக்காரருக்கு இல்லை. ஆலை மூடி, புதுக் குட்டிகள் வராமல் கொட்டகை காலியாகக் கிடந்தால் அவருக்கும் நஷ்டம்தான். ஆனால் அதைச் சட்டம் கண்டுகொண்டது 2020 டிசம்பரில், வேளாண் துறை விவரம் அறிவித்தது 2021 ஆகஸ்டில். சாலையில் போகும்போது கண்ணில் படும் கொட்டகைகளை எண்ணிக் கோப்பில் தேடினால் பல பெயர்கள் இருக்காது. காரணம் இதுதான்.

இரண்டாவது, உச்சவரம்பு. ஒரு நபருக்கோ நிறுவனத்துக்கோ ஒவ்வொரு சுற்றிலும் 2,50,000 டாலர். கம்பெனியாக இருந்தால், ஆண்டுக்கு 400 மணி நேரமாவது பண்ணையில் உழைப்பையோ நிர்வாகத்தையோ கொடுக்கும் பங்குதாரர் இரண்டு பேர் இருந்தால் 5,00,000. மூன்று பேர் இருந்தால் 7,50,000. கோப்பில் இந்த மூன்று எண்களைக் கண்டால் "வரம்பில் முட்டி நின்றது" என்று படியுங்கள். அவர்களுடைய உண்மையான கணக்கு எவ்வளவு பெரியது என்பது அதற்குமேல் தெரியாது. இரண்டாம் சுற்றில் 10,870 பன்றி இருந்தாலே 2,50,000 வந்துவிடும். 50,000 பன்றி வைத்திருந்தவருக்கும் அதே தொகைதான்.

7,50,000-க்கு மேலே ஒரு தொகை கண்ணில் பட்டால் மோசடி என்று குதிக்கும் முன் பெயரின் கடைசியைப் பாருங்கள். பொதுக் கூட்டாண்மை என்ற வகை நிறுவனத்துக்கு வரம்பு ஒவ்வொரு கூட்டாளிக்கும் தனித்தனி. அண்ணன், தம்பி, இருவரின் மனைவியர், இரண்டு பிள்ளைகள் என்று ஆறு பேர் சேர்ந்த கூட்டாண்மைக்குச் சட்டப்படியே 15 லட்சம் வரை போகலாம். இது சரியா தவறா என்பது பல ஆண்டுகளாக நடக்கும் அரசியல் சண்டை. என்னைக் கேட்டால், வரம்பு என்று ஒன்றை வைத்துவிட்டுக் கூட்டாண்மைக்கு மட்டும் கதவைத் திறந்து வைப்பது வரம்பே இல்லாததற்குச் சமம். ஆனால் சட்டவிரோதம் இல்லை, அப்படி எழுதக்கூடாது.

மூன்றாவது, வருமான வரம்பு. சராசரி வருமானம் 9,00,000 டாலரைத் தாண்டினால் கிடையாது. அதில் 75 சதவீதமாவது விவசாயத்திலிருந்து வந்தால் அந்தத் தடையும் இல்லை.

படி 5: விண்ணப்பம் எப்படிப் போனது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்

அநேகமாக ஒவ்வொரு விவசாயக் கவுண்டிக்கும் வேளாண் துறையின் பண்ணைச் சேவை முகமைக்கு ஓர் அலுவலகம் உண்டு. நம்மூர் வேளாண் விரிவாக்க மையத்தையும் கூட்டுறவுச் சங்கத்தையும் சேர்த்து ஒரே கூரையின் கீழ் வைத்த மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள். விவசாயிகளே தேர்ந்தெடுக்கும் கமிட்டி ஒன்றும் அதற்கு இருக்கிறது. 2020-இல் நேரில் யாரையும் அனுமதிக்கவில்லை, தொலைபேசி, மின்னஞ்சல்தான்.

விண்ணப்பப் படிவம் ஏடி-3114. அதோடு வருமானச் சான்று, நிறுவனமானால் பங்குதாரர் விவரம், சதுப்பு நிலத்தைத் திருத்திப் பயிரிடவில்லை என்ற உறுதிமொழி, வங்கிக் கணக்கு விவரம். இத்தனை மாடு, இத்தனை புஷல் என்று விவசாயி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். ரசீது, ரெஜிஸ்டர் எல்லாம் பின்னால் சோதனைக்கு அழைத்தால் காட்ட வேண்டியவை. பணம் வேகமாகப் போய்ச் சேர்ந்தது இதனால்தான், ஓட்டை விழுந்ததும் இதனால்தான். அரசின் தணிக்கை அமைப்பான ஜிஏஓ 2022 செப்டம்பரில் வெளியிட்ட அறிக்கை, சோதனையை இன்னும் கடுமையாக்கச் சொன்னது.

படி 6: கவுண்டியின் அடையாள எண்ணைப் பிடியுங்கள்

சின்னப் படி, ஆனால் இதில் தடுக்கி விழுபவர்கள் உண்டு. சூ என்ற பெயரில் அமெரிக்காவில் மூன்று கவுண்டிகள் இருக்கின்றன: அயோவா, நெப்ராஸ்கா, வடக்கு டக்கோட்டா. மூன்றும் விவசாயக் கவுண்டிகளே. பெயரால் வடிகட்டினால் மூன்றும் கலந்து வரும். எண்ணால் வடிகட்டுங்கள்: அயோவாவினுடையது 19167, நெப்ராஸ்காவினுடையது 31165, வடக்கு டக்கோட்டாவினுடையது 38085. முதல் இரண்டு இலக்கம் மாநிலம், மீதி மூன்று கவுண்டி.

எக்செல் எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யத்தைத் தின்றுவிடும். அலபாமா, கலிஃபோர்னியா போன்ற மாநிலங்களை எடுத்தால் அந்தப் பத்தியை எழுத்தாக மாற்றிவிட்டுத் திறவுங்கள்.

படி 7: பட்டுவாடாக் கோப்பை எடுங்கள்

மத்திய அரசின் செலவுகளைக் காட்டும் யுஎஸ்ஏஸ்பெண்டிங் தளத்தில்தான் எல்லோரும் தொடங்குவார்கள். கவுண்டியின் மொத்தத் தொகைக்கு அது போதும். ஆனால் தனிநபர் விவரத்தை மறைக்க வேண்டும் என்பதால் பண்ணைப் பணம் பெரும்பாலும் "பல பெறுநர்கள்" என்று ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டிருக்கும்.

பெயர்வாரி வேண்டுமென்றால் பண்ணைச் சேவை முகமையின் தளத்தில், தகவல் சுதந்திரச் சட்டத்தின்கீழ் வெளியிடும் ஆவணப் பகுதிக்குப் போங்கள். ஆண்டுவாரியாக எக்செல் கோப்புகள் இருக்கும். ஒவ்வொரு வரியிலும் மாநிலம், கவுண்டி, பெறுநர் பெயர், முகவரி, தொகை, பட்டுவாடாத் தேதி, திட்டத்தின் பெயர், திட்ட ஆண்டு இருக்கும். நாடு முழுவதற்குமான வரிகள் ஓர் எக்செல் தாளில் அடங்காது என்பதால் துண்டு துண்டாகத் தருகிறார்கள். பைத்தான், ஆர் என்ற நிரல்மொழிகளில் எது தெரியுமோ அதில் சேர்த்துவிடுங்கள்.

வடிகட்டும் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் மாநில, கவுண்டி எண். அப்புறம் திட்டப் பெயர்ப் பத்தியில் உள்ள தனித்தனிப் பெயர்களை மட்டும் ஒரு பட்டியலாக எடுத்து, கண்ணால் படித்து, கொரோனா கணக்கில் வருபவற்றைக் குறியுங்கள். 'கொரோனா' என்ற சொல்லைத் தேடி மட்டும் விட்டுவிட்டால் சுருக்கப் பெயரில் இருப்பவை நழுவும். அதன்பின் தேதி. ஒரு பெறுநருக்கான எல்லா வரிகளையும் கூட்டுவது கடைசியில். பெயரோடு முகவரியையும் சேர்த்து ஒப்பிடுங்கள். அப்பாவும் மகனும் ஒரே பெயரில் இருப்பார்கள், ஒரே பண்ணை இரண்டு விதமாக எழுதப்பட்டிருக்கும்.

கோப்பில் உள்ள கவுண்டி, பண்ணைக் கணக்கை நிர்வகிக்கும் அலுவலகத்தின் கவுண்டி. பெறுநரின் முகவரி எங்கோ இருக்கலாம். சூ கவுண்டியின் மேற்கு எல்லை பிக் சூ நதி; அக்கரை தெற்கு டக்கோட்டா. அக்கரையில் வீடு, இக்கரையில் நிலம் என்று இருப்பவர்கள் உண்டு. முகவரியை வைத்துக் கூட்டினால் ஒரு மொத்தம், கவுண்டி எண்ணை வைத்துக் கூட்டினால் வேறு மொத்தம். எதை எடுத்தீர்கள் என்று எழுதும்போது சொல்லிவிடுங்கள்.

படி 8: பிபிபி கடன்களைத் தனியாக எடுங்கள்

சிறுதொழில் நிர்வாகம் 2020 ஜூலையில் 1,50,000 டாலருக்கு மேற்பட்ட கடன்களின் பெயர்களை மட்டும் வெளியிட்டது. செய்தி நிறுவனங்கள் வழக்குப் போட்டு ஜெயித்த பிறகு டிசம்பரில் எல்லாப் பெயர்களும் வந்தன. கோப்பில் தொழில் வகை எண் இருக்கும்: 111-இல் தொடங்கினால் பயிர், 112-இல் தொடங்கினால் கால்நடை. கடன் தொகை, தள்ளுபடியான தொகை, வேலையாட்கள் எண்ணிக்கை, கொடுத்த வங்கி எல்லாம் உண்டு.

ஒரு விவசாயக் கவுண்டியைத் தொகைவாரியாக அடுக்கிப் பாருங்கள், 20,833 என்ற எண் வரிசையாக வந்துகொண்டே இருக்கும். வேலையாள் இல்லாத தனி விவசாயிக்கான உச்சத் தொகை அது: ஆண்டுக்கு 1,00,000 டாலர் என்ற வரம்பை 12-ஆல் வகுத்து 2.5-ஆல் பெருக்கினால் வருவது. 2020-இல் இந்தக் கணக்குக்கு வரிப் படிவத்தின் நிகர லாபத்தை எடுத்தார்கள். டிராக்டர் தேய்மானம், விதை, உரம் எல்லாம் கழித்து நஷ்டம் காட்டியிருந்தால் கடன் கிடையாது. 2020 டிசம்பர் சட்டம் அதை மொத்த வருமானம் என்று மாற்றியது. மொத்த வருமானம் 1,00,000 டாலர் என்பது ஓரளவு நிலம் வைத்துப் பயிர் செய்யும் எவரும் தொடுவதுதான். 2021-இல் 20,833 குவிந்ததற்கு இதுவே காரணம். முதல் கடன், இரண்டாம் கடன் என்று இரண்டையும் வாங்கியவருக்கு 41,666.

பொய்ப் பண்ணைகளும் இதில்தான் அதிகம். ப்ரோபப்ளிகா என்ற புலனாய்வுச் செய்தி நிறுவனம் 2021 மே மாதம் வெளியிட்ட செய்தியில், ஆன்லைன் கடன் நிறுவனம் ஒன்றின் வழியாக இல்லாத பண்ணைகளுக்குப் போன நூற்றுக்கணக்கான கடன்கள் அம்பலமாயின. நியூ ஜெர்சியின் கடலோர ஊர் வீடுகளின் முகவரியில் கோதுமைப் பண்ணை! அந்த வீட்டுக்காரர்களுக்கே விஷயம் தெரியாது. ஆகவே தொகையும் தொழில் எண்ணும் பொருந்துகின்றனவா, அந்த மண்ணில் அந்தப் பயிர் விளையுமா என்று பாருங்கள். சந்தேகப் பெயரை சிஎஃப்ஏபி கோப்பிலும் தேடுங்கள். பண்ணைச் சேவை முகமையில் பண்ணை எண் வாங்காமல் அந்தப் பணம் வராது. ஆனால் அங்கே பெயர் இல்லை என்பதே மோசடிக்குச் சாட்சி ஆகாது; படி 4-இல் பார்த்த கொட்டகைக்காரரை நினைத்துக்கொள்ளுங்கள்.

படி 9: கவுண்டியின் சூழலோடு வைத்துப் படியுங்கள்

விவசாயக் கணக்கெடுப்பு 2017-க்கும் 2022-க்கும் கவுண்டிவாரியாகக் கிடைக்கிறது. எத்தனை பண்ணை, எத்தனை பன்றி, விற்பனை எவ்வளவு எல்லாம் அதில் உண்டு. ஆண்டுக்கு 1,000 டாலருக்கு விற்றாலே அங்கே அது பண்ணை. அதனால் "மொத்தப் பண்ணைகளில் இத்தனை சதவீதம்தான் பணம் வாங்கின" என்ற வாக்கியம் பார்க்க அதிர்ச்சியாக இருக்கும், அதில் பொருள் அதிகம் இருக்காது. நாலு குதிரையும் கொஞ்சம் வைக்கோலும் வைத்திருப்பவரும் அந்த மொத்தப் பண்ணைகளின் எண்ணிக்கையில் இருக்கிறார்.

அதற்குப் பதிலாக, பெறுநர்களைப் பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, மேலே உள்ள பத்து சதவீதத்தினர் மொத்தத்தில் எவ்வளவு வாங்கினார்கள் என்று பாருங்கள். தலைக்கு இவ்வளவு, ஏக்கருக்கு இவ்வளவு என்ற கணக்கில் பெரியவருக்குப் பெரிய தொகை போவது விதியிலேயே எழுதியிருக்கிறது. 2021 மார்ச்சில் வில்சாக், அதுவரை போன ஏறத்தாழ 2,600 கோடி டாலரில் கறுப்பின விவசாயிகளுக்குக் கிடைத்தது 2.08 கோடி டாலர்தான் என்றார். நிலமும் மாடும் யாரிடம் குவிந்திருக்கின்றனவோ அங்கேதான் இந்தப் பணமும் போகும்.

படி 10: கோப்பில் இல்லாததைக் கேட்டு வாங்குவது

எத்தனை பன்றிக்கு, எத்தனை ஏக்கருக்கு என்று கேட்டால் அலுவலகம் மறுக்கும். 2008 பண்ணைச் சட்டத்தின் 1619-ஆம் பிரிவு, விவசாயி கொடுத்த நில, பயிர், கால்நடை விவரங்களை வெளியிடத் தடை விதிக்கிறது. பட்டுவாடாத் தொகைக்கு அந்தத் தடை இல்லை. எனவே தகவல் சுதந்திரச் சட்ட மனுவில் தனிநபரின் மாட்டுக் கணக்கைக் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். கேட்டால் கிடைக்க வாய்ப்புள்ளவை வேறு: கவுண்டி மொத்தத்தைப் பொருள்வாரியாகப் பிரித்தது (பன்றிக்கு எவ்வளவு, பாலுக்கு எவ்வளவு), எத்தனை விண்ணப்பம் வந்தது, எத்தனை நிராகரிக்கப்பட்டது, எத்தனை பேரைச் சோதனைக்கு எடுத்தார்கள், எவ்வளவு தொகை திருப்பி வசூலானது. கவுண்டி எண், திட்டம், தேதி வரம்பு மூன்றையும் முதல் வாக்கியத்திலேயே குறிப்பிடுங்கள். எக்செல் வடிவில் வேண்டும் என்றும் சேருங்கள், இல்லாவிட்டால் ஸ்கேன் செய்த காகிதம் வந்து சேரும். பதில் தரச் சட்டப்படி 20 வேலை நாள். நடைமுறையில் அதற்கு மேலேயே ஆகும். அதற்குள் கவுண்டி அலுவலகத்துக்கு ஒரு முறை ஃபோன் போட்டு, 2020 கோடையில் அங்கே மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர்கள் யாராவது இன்னும் இருக்கிறார்களா என்று கேளுங்கள். விதிப் புத்தகத்தில் இல்லாத பாதி விஷயம் அவர்களுக்குத் தெரியும்.